இன்னும் ஒரு முழம்

முதலில் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினாள்
எதெல்மிரா குவென்தேயோ.
பழைய கம்பளியில் சுற்றி
என் படகில்தான் ஏற்றினாள், ஏழு கண்ணாடி.
பிறகு அடுப்பு. பிறகு புகைக்குழாய்.
நான்கு நாள் கழித்து
வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து
தூண்களோடு தரையைப் பிணைத்திருந்த ஆணிகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.
அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது:
இவள் பேச்சுக்குச் சொல்லவில்லை.

சிலோயே தீவில் வீடு நகர்வது புதிதல்ல.
அடியில் இரண்டு நீள உத்தரம்,
முன்னால் இருபது சோடி மாடு,
கூலி கேட்காத கைகள்,
கடைசியில் வயிறு கொள்ளாத சாப்பாடு.
ஆனால் நீரிணைக்கு அக்கரை என்றால்
வீடு நீந்த வேண்டும்.

ஏன் போகிறாய் என்று எல்லோரும் கேட்டோம்.
உப்பு தூண்களைத் தின்கிறது என்றாள் பாதிரியாரிடம்.
சிப்பிப் பண்ணைக்கு அதுதான் பக்கம் என்றாள்
அண்ணன் ஒனோஃப்ரேயிடம்.
என்னிடம் பதில் சொல்லவில்லை,
வடத்தின் கனம் என்ன என்று கேட்டாள்.
சொன்னேன்.
அதைவிட ஒரு விரல் தடிமன் கூட்டி வாங்கிவந்தாள்.

எனக்கும் எண்ணங்கள் உண்டு.
பதினோரு வருடமாக என் படகில் ஓர் ஓட்டை.
அடைக்கணும் அடைக்கணும் என்று சொல்லியபடியே
தகரடப்பாவால் நீர் இறைக்கிறேன்.
இறைத்து இறைத்து
அதுவே ஒரு தொழிலாகிவிட்டது.
பார்க்கிறவர்கள் என்னை
உழைப்பாளி என்கிறார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள், கடல் நன்றாக ஏறும் நாள்.
மழை வரும் என்றோம்.
"நனையட்டும்."
பீப்பாய்கள் கட்டிய வீட்டை
ஐந்து படகுகள் இழுத்தோம்.
கூரை முகட்டில் ஒரு நீர்க்காகம்
காசு கொடுக்காமல் கூடவே வந்தது.

நடுநீரில் ஒரு வடம் அறுந்தது.
வீடு மெல்லத் திரும்பி
கண்ணாடி இல்லாத ஏழு கண்களால்
எங்களைப் பார்த்தது.
ஒனோஃப்ரே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.
அவள் கத்தவில்லை.
என் காலடியில் கிடந்த சாக்கை விலக்கினாள்.
அடியில் இன்னொரு வடம்,
சிக்கில்லாமல் சுருட்டி,
முனையில் முடிச்சுகூடப் போட்டு.
முந்தைய இரவு
நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வைத்திருக்கிறாள்.

அக்கரை சேர்ந்து
மாடுகள் மேட்டுக்கு இழுத்து முடிக்கையில் இருட்டு.
சிப்பியும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும்
சுடுகல் குழியில் வெந்துகொண்டிருந்தன.
அவள் உள்ளே போனாள்.
அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்.
வெளியே வந்து சொன்னாள்:
"வடக்கு மூலை. இன்னும் ஒரு முழம்."

வீடு நிற்கிறதே, போதாதா என்றோம்.
மாட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு என்றான் பெலார்மினோ.
அவள் வாதாடவில்லை, கெஞ்சவுமில்லை.
ஒரு லாந்தரைக் கொளுத்தி
வடக்கு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.
குழியிலிருந்து கறி மணம் வந்தது.
அவள் நின்றாள்.
யாரோ ஒருவன் திட்டிக்கொண்டே எழுந்தான்.
பிறகு இன்னொருவன்.
நுகத்தடி மறுபடி கழுத்தேறியது.

மூன்றாம் நாள் விடியலில்
சிப்பி மூட்டைகளோடு அந்தப் பக்கம் போனேன்.
கிழக்கே தண்ணீருக்கு மேல் எழுந்த வெயில்
நேராக அவள் அடுப்படி ஜன்னலுக்குள் போனது.
மேசைமேல் விரிந்து கிடந்தது.
அதில் ஒரு கை, ஒரு கோப்பை.

இக்கரையில் குன்று மறைக்கும்.
வெயில் வருவதற்குள் அவள் வேலைக்குப் போயிருப்பாள்.
இருபத்தெட்டு வருடம்
விளக்கடியில் குடித்த காலைத் தேநீர்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்,
வெயிலுக்காகவா ஒரு வீடு என்று.
சிரித்தபடி இழுத்திருப்போம்,
ஒரு முழம் குறைவாக.

படகின் ஓட்டை இன்னும் இருக்கிறது.
நேற்று கரையேற்றிக் கவிழ்த்து
அது எங்கே என்று முதன்முதலாகத் தேடினேன்.
சுண்டுவிரல் நுழையும்.
அவ்வளவுதான்.